நம்பர் கொடுப்பதற்கு முன்

எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ரயில் போகிறது. காவிரிப் பாலத்தைக் கடந்து ஸ்ரீரங்கத்துக்குள் நுழைகிற வண்டியின் சத்தம் முதலில் தரையில் வரும், பிறகு சன்னல் கம்பியில், கடைசியில்தான் காதுக்கு. அப்பாவுக்கு மட்டும் அது தரைக்கு வருவதற்கும் முன்பே வந்துவிடும். சாப்பிட்டுக்கொண்டிருந்தால் சோற்றுக் கையோடு எழுந்துவிடுவார். வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி வாசலுக்கு ஓடி, எங்கள் குடியிருப்பின் பொது கேட்டைச் சாத்தி, குறுக்கே கையை நீட்டிக்கொண்டு நிற்பார். வண்டி போய் முடிகிற வரைக்கும் யாரும் உள்ளே வரக் கூடாது, வெளியே போகவும் கூடாது. கீழே இரண்டு வீடு, மேலே இரண்டு வீடு. நான்கு வீட்டுக்காரர்களும் ஸ்கூட்டரோடும் பால் பாக்கெட்டோடும் காத்துக்கொண்டு நிற்பார்கள்.

மேல்வீட்டு மாமி தினமும் கோயிலுக்குப் போய் வருகிறவர். கையில் துளசியோடு வெளியே நின்று என்னைக் கூப்பிடுவார்.

"ஏன்டிம்மா, பெருமாளைச் சேவிச்சுட்டு வந்து எவ்வளவு நாழியா நிக்கறேன். தளிகை பண்ண வேண்டாமா?"

"இதோ போயிடும் மாமி."

"குட்ஸா, பாசஞ்சரா? குட்ஸ்னா சொல்லிடு, இப்படியே உக்காந்துடறேன்."

அப்பா திரும்பிப் பார்க்காமல் சொல்வார். "குட்ஸுதாம்மா. நாப்பது வேகன். தள்ளி நில்லுங்க."

முப்பத்து நாலு வருஷம் ரயில்வே கேட் கீப்பராக இருந்தவர் அப்பா. லால்குடிப் பக்கம் வயலுக்கு நடுவில் ஒரு கேட், ஒரு சின்ன அறை, ஒரு டெலிபோன். ஓய்வு பெற்றுப் பதினெட்டு வருஷமாகிறது. அந்த கேட்டும் இப்போது இல்லை, சுரங்கப்பாதை வந்துவிட்டது. அம்மா போன மறு வருஷத்தில்தான் அப்பாவின் தலைக்குள் அந்த கேட் மறுபடி முளைத்தது. முதலில் சாவியை மறந்தார், பிறகு தெருவை. பிறகு என்னை அவருடைய பழைய கூட்டாளி கேட் கீப்பர் என்று நினைக்க ஆரம்பித்தார். டாக்டர் ஒரு தாளில் டிமென்ஷியா என்று எழுதிக் கொடுத்து, மருந்தைவிடப் பொறுமை முக்கியம் என்றார். பொறுமை எந்தக் கடையில் கிடைக்கும் என்று அவர் எழுதவில்லை.

அந்த ஆஸ்பத்திரியில் சீட்டுப் போடும் இடத்தில் ஒரு பெண் என் போன் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். "பாத்துக்கறவங்களுக்கு ஒரு வகுப்பு இருக்குங்க. போன்லயே வரும். தினம் காலையில பத்து மணிக்கு. எடுத்து கேட்டா போதும்." வேண்டாமென்று சொல்வதற்குக்கூட எனக்கு அன்றைக்குத் தெம்பில்லை. கொடுத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் பத்து மணிக்குப் போன் வந்தது. பதிவு செய்த ஒரு பெண் குரல். அரிசி களைந்துகொண்டே ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டேன். நாலு நிமிஷம்தான். "உங்கள் வீட்டுப் பெரியவர் தான் இன்னும் வேலைக்குப் போவதாகச் சொன்னால் அவரைத் திருத்தாதீர்கள். அவருடைய வேலையைப் பற்றி இரண்டு கேள்வி கேளுங்கள்" என்றது குரல். எனக்குச் சிரிப்பு வந்தது. நான் வீட்டிலிருந்தே புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்க்கிறவள். திருத்துவதுதான் என் பிழைப்பு. அதுவரைக்கும் ஒரு நாளைக்கு இருபது தடவை, "அப்பா, நீங்க ரிட்டயர் ஆயாச்சு. இது நம்ம வீடு. அது நம்ம கேட்டு" என்று அவரைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு திருத்தமும் அவர் முகத்தில் ஒரு அறையாக விழுந்துகொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. அன்று மதியம் திருத்தாமல் கேட்டுப் பார்த்தேன். "என்ன வண்டிப்பா இது?" அவர் முகம் மலர்ந்தது. "விருத்தாசலம் பாசஞ்சர். இன்னிக்கு லேட்டு."

ஆக, அந்தக் குரலுக்கு நான் நன்றி கெட்டவள் இல்லை. குளிக்க மறுத்தால் என்ன செய்வது, ஒரே கேள்வியைப் பத்து முறை கேட்டால் என்ன செய்வது என்று அது ஒவ்வொன்றாகச் சொன்னது. ஒவ்வொன்றிலும் பாதியாவது பலித்தது. ஆனால் ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் குரல் கொஞ்சம் தணிந்து ஒரு கேள்வி கேட்கும். "இன்று உங்கள் மனம் எப்படி இருக்கிறது? நன்றாக இருந்தால் ஒன்றை அழுத்தவும். சுமாராக இருந்தால் இரண்டை அழுத்தவும். தாங்க முடியவில்லை என்றால் மூன்றை அழுத்தவும்."

நான் ஒன்றை அழுத்துவேன். குரல் முடிப்பதற்கு முன்பே அழுத்திவிடுவேன். காய்கறிக்காரர் "நல்லாருக்கீங்களா" என்று கேட்டால் "நல்லாருக்கேன்" என்று சொல்வதில்லையா, அந்த வேகம்தான். பதினைந்தாம் நாள் பாடம் என்னைப் பற்றியே இருந்தது. பார்த்துக்கொள்கிறவர்கள் தினமும் அரை மணி நேரம் தமக்கென்று ஒதுக்க வேண்டுமாம். வாரத்தில் ஒரு நாள் பொறுப்பை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு வெளியே போய் வர வேண்டுமாம். பாதியில் அணைத்துவிட்டுக் குழம்புக்குப் புளி கரைக்கப் போனேன். அந்தப் பாடம் வேறு யாருக்கோ என்று தோன்றியது. கைமாற்ற ஆள் இருக்கிற வீட்டுக்கு.

என் தம்பி துவாக்குடியில் லேத் பட்டறை வைத்திருக்கிறான். வீடும் அங்கேதான். மாதம் ஒரு முறை வருவான், ஆரஞ்சு வாங்கி வருவான், அப்பா பக்கத்தில் பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு, "அக்கா, நீ இருக்கறதாலதான் நான் நிம்மதியா இருக்கேன்" என்று சொல்லிக் கிளம்பிவிடுவான். அந்த வாக்கியம் என்னைச் சுவரோடு வைத்துப் பூசிவிடும். அதற்குப் பிறகு என்ன சொல்ல முடியும்?

இனி வருவதை எழுதக் கை கூசுகிறது. எழுதாவிட்டால் மற்றதை எழுதியதற்கு அர்த்தமில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை. அப்பாவுக்குக் குளிக்க ஊற்றிக்கொண்டிருந்தேன். உடம்பெல்லாம் சோப்பு. சத்தம் தரையில் வந்தது. அவர் எழுந்தார். ஈரத் தரை, வழுக்கும் கால், உடம்பில் துணி இல்லை, அப்படியே வாசலுக்கு. மணிக்கட்டைப் பிடித்தேன். முதல் நொடி, அவர் விழுந்துவிடக் கூடாதென்று பிடித்தேன். இரண்டாவது நொடி அதற்காக இல்லை. அவரைப் பார்த்துக்கொண்ட இரண்டரை வருஷமும் என் விரலுக்கு இறங்கி வந்திருந்தது. அழுத்தினேன். "உக்காருங்க" என்று கத்திய குரல் என்னுடையது என்று எனக்கே தெரியவில்லை. வண்டி போய்விட்டது. அவர் உட்கார்ந்துவிட்டார். துண்டால் துடைக்கும்போது பார்த்தேன், மணிக்கட்டின் உள்பக்கம் நான்கு நகத் தடம், பிறை பிறையாக, ஒன்றில் ரத்தம்.

அவரும் பார்த்தார். "யாரு செஞ்சது?"

"கொசுப்பா."

கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பெரிய கொசுவா இருக்கே" என்றார்.

அன்றைக்குப் பத்து மணிக்குப் போன் வந்தது. ஒன்றை அழுத்தினேன்.

அன்றிலிருந்து எனக்குப் பயம் அப்பாவைப் பற்றி இல்லை. என் கையைப் பற்றித்தான். அடுத்த தடவை அது நகத்தோடு நிற்காது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வீட்டில் நாங்கள் இருவர்தான், வேறு யாருக்கும் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய ஒரே ஆள் அதை மறந்துவிட்டார். நகத்தை ஒட்ட வெட்டினேன். வெட்டி என்ன? கை அப்படியே இருந்தது. சட்டைப் பொத்தானைப் போடும்போதும், சோற்றைப் பிசைந்து ஊட்டும்போதும் அதை ஓரக்கண்ணால் வேவு பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு யாரோ ஒருத்தியை வீட்டில் குடி வைத்தது போல.

ஒரு வாரம் இப்படிப் போனது. பத்து நாளும் இருக்கலாம். ஒரு நாள் காலை அப்பா கூடத்தில் நாற்காலியில் இருந்தார். பத்து மணிப் போன் வந்தது. ஸ்பீக்கரில் பாடம் ஓடியது. அவர் அதைக் கூர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். முடிவில் கேள்வி வந்தது. வழக்கம்போல ஒன்றை அழுத்தினேன்.

"நம்பர் கொடுத்துட்டியா?" என்றார் அப்பா.

இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வண்டியை அனுப்புவதற்கு முன்னால் ஸ்டேஷன் மாஸ்டர் கேட்டுக்குப் போன் செய்வார். கேட் கீப்பர் கேட்டைச் சாத்திப் பூட்டிவிட்டு வந்து, தன்னிடமிருக்கும் அச்சிட்ட தாளிலிருந்து ஒரு நம்பரைப் படித்துச் சொல்ல வேண்டும். தாளில் அடுத்து எந்த நம்பர் என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். அந்த நம்பர்தான் சத்தியம். அதைக் காதால் கேட்டு எழுதிக்கொண்ட பிறகுதான் அங்கே சிக்னல் இறங்கும். வேறு சாட்சி கிடையாது. சின்ன வயதில் நானும் தம்பியும் கேட் அறையில் உட்கார்ந்து அப்பா நம்பர் சொல்வதை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோம். வயல் நடுவில் ஒரு மனிதர், யாரும் பார்க்கவில்லை, பொய் சொன்னாலும் தெரியாது. ஒரு தடவைகூட அவர் கேட்டைச் சாத்தாமல் ரிசீவரை எடுத்ததில்லை.

"கொடுத்துட்டேம்ப்பா" என்றேன், திருத்தக் கூடாது என்ற பாடத்தின்படி.

எழுந்து வாசலை எட்டிப் பார்த்தார். கேட் விரியத் திறந்துகிடந்தது. ஸ்கூல் பிள்ளைகளின் சைக்கிள் போய்க்கொண்டிருந்தது. திரும்பி என்னைப் பார்த்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கோபம்கூட இல்லை அது. திகில்.

"கேட்டு தெறந்து கெடக்கு. பாக்காமயே நம்பர் கொடுத்தியா?"

"அப்பா..."

"பஸ்ஸுல ஜனங்க இருக்கும். ஏம்மா, பாக்காம எப்படிக் கொடுத்தே? எத்தன நாளா இப்படிக் கொடுக்கற?"

அவர் கேட்டது தெருவைப் பற்றி. அவருடைய பஸ்ஸையும் அவருடைய ஜனங்களையும் பற்றி. என்னைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. அந்த நாற்காலியில் இருந்தவர் ஞானி இல்லை, மூளை தேய்ந்துகொண்டிருக்கிற ஒரு கேட் கீப்பர். ஆனாலும் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. முப்பத்தாறு நாளாகக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஓடிப் போய்க் கேட்டைச் சாத்தினேன். திரும்பி வந்ததும், "இப்ப மறுபடி கொடு" என்றார். போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அழைப்பு எப்போதோ முடிந்திருந்தது.

எடுக்காமல் விட்டால் பதினோரு மணிக்கு மறுபடி ஒரு முறை வரும் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். மறுநாள் பத்து மணி அழைப்பை நான் எடுக்கவில்லை. பதினோரு மணி வரைக்கும் என்னை நானே பார்த்தேன். அடுப்படியில் நின்றுகொண்டு, பிடித்த கையையும், ராத்திரிகளில் போன தூக்கத்தையும், அவரைக் குளிப்பாட்டுவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பதையும், அவர் தூங்கிக்கொண்டே போய்விட்டால் என்ன என்று ஒரு நாள் நினைத்ததையும், ஒவ்வொன்றாக. பதினொன்றுக்குப் போன் வந்தது. மூன்றை அழுத்தினேன்.

சாயங்காலம் நான்கு மணிக்கு வேறொரு நம்பரிலிருந்து அழைப்பு. பதிவுக் குரல் இல்லை, மூச்சு விடுகிற குரல்.

"வணக்கங்க, அந்தப் போன் வகுப்புலேருந்து பேசறேன். நான் கவுன்சிலர். மூணு அழுத்தியிருந்தீங்க, அதான் கூப்பிட்டேன். பேசலாங்களா?"

"பேசலாம். அப்பா தூங்கறாரு. மாத்திரையெல்லாம் கரெக்டா கொடுக்கறேன். சாப்பாடு கொஞ்சம் கம்மியா..."

"அப்பா நல்லா இருக்காருன்னு புரியுதுங்க. நான் உங்களைக் கேட்டேன். நீங்க சாப்பிட்டீங்களா?"

நான் சாப்பிட்டேனா என்று யோசிக்க வேண்டியிருந்தது.

"சரி, அது இருக்கட்டும். நேரா ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. கோவத்துல அவர்மேல கை வெச்சிருக்கீங்களா?"

அந்த நேரம் பார்த்து ஒரு வண்டி. தரை, கம்பி, காது. அப்பா அசந்து தூங்கியதால் எழுந்திருக்கவில்லை. வண்டி முழுக்கப் போகிற வரைக்கும் அந்தப் பெண்ணும் பேசவில்லை. போன பிறகு, "இருக்கேங்க. நீங்க சொல்ற வரைக்கும் இருக்கேன்" என்றாள்.

சொன்னேன். சோப்பையும் நகத்தையும் கொசுவையும் சொன்னேன். அவள் ஐயோ என்று சொல்லவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. அதற்காக அவளை எனக்குப் பிடித்துப்போனது. "நீங்க கெட்டவங்க இல்லைங்க, ஓய்ஞ்சு போயிருக்கீங்க. ஆனா இது மறுபடி நடக்கும், ஓய்வு இல்லைன்னா. அப்பாவுக்கு அடிபடும், உங்களுக்கும். குளிக்க ஊத்தற நேரத்தை முதல்ல மாத்துங்க, வண்டி வராத நேரமா. கை துடிச்சா அவரை நாற்காலியில உக்கார வெச்சுட்டு நீங்க ரூமை விட்டு வெளியில வந்துடணும். வர்ற வியாழக்கிழமை டாக்டர்கிட்ட உங்களுக்குன்னு ஒரு சீட்டு போட்டு வைக்கறேன், அப்பாவுக்கு இல்ல, உங்களுக்கு. அப்புறம் வாரத்துல ரெண்டு மணி நேரம் வேற ஆள் வேணும். யார் இருக்காங்க?"

"தம்பி. ஆனா அவனுக்கு வேலை."

"அவர்கிட்ட சொல்லியிருக்கீங்களா?"

"சொன்னதில்ல."

"அப்ப அவருக்கு வேலை இருக்குன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க." அவள் சிரித்தாள், நானும் சிரித்துத் தொலைத்தேன். "இன்னிக்கே கூப்பிடுங்க. நாளைக்குக் கேப்பேன்."

கூப்பிட்டேன். டாக்டரைப் பார்க்கப் போக வேண்டும், ஞாயிற்றுக்கிழமையும் கொஞ்சம் வெளியே வேலை என்று மட்டும் சொன்னேன். மணிக்கட்டைச் சொல்லவில்லை. தம்பி கொஞ்சம் தயங்கிவிட்டு ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் ஒத்துக்கொண்டான்.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்கு அப்பாவையும் கூட்டிக்கொண்டே போய்விட்டேன், தொந்தரவில்லை. டாக்டர் எனக்குத் தூக்கத்துக்கும் மனசுக்கும் மாத்திரை எழுதினார். ஞாயிற்றுக்கிழமைதான் தப்புச் செய்தேன். வெளியே போகிறேன் என்று சொன்னால் அப்பா தகராறு செய்வார் என்று, சொல்லாமல் நழுவினேன். தம்பி அவரிடம் ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டிருக்கும்போது பின்வாசல் வழியாகப் போய்விட்டேன். இரண்டு மணி நேரம் கடைத்தெருவில் எதையும் வாங்காமல் சுற்றினேன். வரும்போது தூரத்திலேயே தெரிந்தது, கேட்டில் அப்பா. வெயிலில், கம்பியைப் பிடித்தபடி. வேட்டி நனைந்திருந்தது.

"டூட்டி மாத்த ரிலீவர் வராம போயிட்டியே" என்றார் என்னைப் பார்த்து. "யாரும் இல்லாத கேட்டை எப்படி விட்டுப் போவே?"

தம்பி உள்ளே படியில் உட்கார்ந்திருந்தான். சட்டையெல்லாம் வேர்வை. "நீ போன அஞ்சாவது நிமிஷத்துலேருந்து இங்கதான் நிக்கறாரு. தொட விட மாட்டேங்கறாரு. 'நீ யாரு, கேட்டைத் தொடாதே'ன்றாரு. என்னைத் தெரியலக்கா அவருக்கு." நெற்றியைத் துடைத்துக்கொண்டான். "என்னால முடியாதுக்கா. உனக்குத்தான் இது வருது. நீதான் நல்லாப் பாத்துக்கற."

மறுபடி அந்தப் பூச்சு. இந்தத் தடவை நான் சுவரில் ஒட்டவில்லை. அப்பாவின் கையை எடுத்து உள்பக்கத்தைத் திருப்பி அவனிடம் காட்டினேன். தடம் மங்கிப் பழுப்பாக இருந்தது.

"இதுதான் நான் நல்லாப் பாத்துக்கற லட்சணம்" என்றேன்.

அவன் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தான். புரிந்ததும் என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தான். கோபப்படுவான் என்று நினைத்தேன். பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். எழுந்து போய் அப்பாவுக்கு வேறு வேட்டி எடுத்து வந்தான். அப்பா அவனைக் கட்ட விட்டார்.

"நாம ஸ்கூல் விட்டு அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோவோமே, ஞாபகம் இருக்கா?" என்றான் திடீரென்று. "டூட்டி முடிஞ்சிருக்கும், பசி உயிர் போவும், ஆனா ரிலீவர் லேட்டா வந்தா அப்படியே நிப்பாரு. அந்த ஆள் வந்து, கொடி எண்ணி, சாவி வாங்கி, நோட்டுல கையெழுத்துப் போட்ட அப்புறம்தான் சாப்பாட்டுத் தூக்கைத் தொடுவாரு."

"ஆமா."

"நீ கையெழுத்துப் போடாம போயிட்டே. நானும் சார்ஜ் எடுக்கல. அவரு வேற என்னதான் செய்வாரு?"

அடுத்த ஞாயிறு தம்பி ஒன்பது மணிக்கே வந்தான். கையில் ஆரஞ்சு இல்லை. ஒரு நீள நோட்டு. பட்டறையில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு வந்திருந்தான். தேதி, நேரம், கொடுத்தவர், எடுத்தவர். காக்கிச் சட்டை ஒன்றும் போட்டிருந்தான், பட்டறையில் போடுகிறது, கையில் எண்ணெய்க் கறையோடு. நான் பழைய சிவப்புத் துண்டு ஒன்றைக் கொடியாகக் கிழித்து வைத்திருந்தேன். பச்சைக்குத் துணி கிடைக்கவில்லை. மாமிதான் மேலேயிருந்து ரவிக்கைத் துணி கொண்டுவந்து கொடுத்தார்.

"புதுசுடீ. வெச்சுக் கொடுத்தது. எனக்கு இந்தப் பச்சை ஆகாது. உங்கப்பா பச்சை காட்டினா நானாவது சீக்கிரம் உள்ளே வரலாம்."

அப்பா நாற்காலியிலிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் வாசலில் நின்றேன். தம்பி தெருவில் இறங்கி, கேட் வழியாக நேராக என்னிடம் வந்தான். சத்தமாகச் சொன்னேன். "சிவப்புக் கொடி ஒண்ணு. பச்சைக் கொடி ஒண்ணு. சாவி. கேட்டு நல்லா வேலை செய்யுது." தம்பி ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்தான். நோட்டில் நான் கையெழுத்துப் போட்டேன். அவன் போடப்போகும்போது அப்பா எழுந்து வந்துவிட்டார். நோட்டை வாங்கி, கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார்.

"டைம் போடலியே" என்றார் தம்பியிடம். "டைம் போடாம கையெழுத்துப் போடற. புதுசா நீ?"

"ஆமாங்க. புதுசு."

"எந்த ஊரு?"

தம்பி எங்கள் சொந்த ஊரையே சொன்னான். "மண்ணச்சநல்லூர் பக்கம்ங்க."

"அட, நம்ம ஊரு." அப்பாவுக்குச் சந்தோஷம். அவன் நேரம் எழுதும் வரை பக்கத்திலேயே நின்று பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, கையை ஆட்டினார், ஈ ஓட்டுகிறது போல. "சரி, நீ போ. டூட்டி முடிஞ்சாச்சு. வீட்டுக்குப் போ."

முன்வாசல் வழியாகவே போனேன். எனக்கு எங்கே போவதென்று தெரியவில்லை. வந்த ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறி, சன்னலோரம் உட்கார்ந்தேன். கூட்டம் இல்லை. காவிரிப் பாலத்தில் பஸ் ஏறியபோது பக்கத்து ரயில் பாலத்தில் ஒரு வண்டி வந்துகொண்டிருந்தது. அதைக் கண்ணால் பார்த்து எத்தனை நாளாயிற்று! எனக்கு அது சத்தம் மட்டும்தான் இவ்வளவு நாளும். உடம்பு தானாக எழுந்தது, கால் தரையைத் தேடியது, கை முன்சீட்டுக் கம்பியைப் பற்றியது. பக்கத்தில் இருந்த அம்மா, "இங்க ஸ்டாப்பிங் இல்லம்மா" என்றார். உட்கார்ந்தேன். ஆற்றில் அங்கங்கே தண்ணீர், நடுவில் மணல் திட்டு, திட்டில் யாரோ காயப் போட்டிருந்த ஒரு சேலை, ஊதா நிறம். பெட்டி பெட்டியாக வண்டி ஸ்ரீரங்கம் பக்கம் போனது. இன்னும் மூன்று நிமிஷத்தில் அது எங்கள் தரைக்கு வரும். அங்கே ஆள் இருக்கிறது.

பத்து மணிக்குப் போன் அடித்தபோது சத்திரம் பஸ் ஸ்டாண்டில் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். எடுக்கவில்லை. என்ன சொல்வதென்று நான் இன்னும் போய்ப் பார்க்கவில்லையே.

திரும்பித் தெருமுனைக்கு வந்தபோது பதினொன்று ஆகச் சில நிமிஷம். கேட்டை நெருங்கினேன். பத்தடி இருக்கும்போது உள்ளேயிருந்து சத்தம். "சாத்து, சாத்து. வண்டி வருது." தம்பி ஓடி வந்து என் முகத்துக்கு நேரே கேட்டைச் சாத்தினான். சிவப்புத் துண்டை நீட்டிப் பிடித்தான். அப்பா அவன் பின்னால் நின்று, "கையை நல்லா நீட்டு, டிரைவருக்குத் தெரியணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"டேய், நான்டா" என்றேன்.

"தெரியுதுக்கா. ஆனா ரூல்ஸ்" என்றான் தம்பி. முகமெல்லாம் வேர்வை, ஆனாலும் சிரிப்பு இருந்தது.

அப்பா என்னைப் பார்த்தார். யாரென்று தெரிந்ததற்கான அடையாளம் எதுவும் இல்லை. "தள்ளி நில்லும்மா. ரெண்டு நிமிஷம்" என்றார், முன்பின் தெரியாத யாருக்கும் சொல்கிற மரியாதையோடு.

மாமி எனக்கு முன்பே அங்கே நின்றிருந்தார், துளசியோடு. "வா, வா. இப்பத் தெரியறதா எங்க கஷ்டம்?" என்று எனக்கும் நிழலில் கொஞ்சம் இடம் விட்டார். இரண்டரை வருஷத்தில் அந்தக் கேட்டுக்கு வெளிப்பக்கம் நின்று நான் காத்திருப்பது முதல் தடவை. ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. சும்மா நின்றால் போதும்.

போன் அடித்தது. காதில் வைத்துப் பாடத்தைக் கேட்டேன், அடுத்த காதில் வண்டியைக் கேட்டேன். கேள்வி வந்தது. கம்பி இடுக்கு வழியாகப் பார்த்தேன், கேட் சாத்தியிருந்தது, தாழ்ப்பாள் விழுந்திருந்தது, உள்ளே இரண்டு பேரும் நின்றார்கள். என் கையைப் பார்த்தேன். பிறகு இரண்டை அழுத்தினேன்.